கஷாயத்துக்கு முன் ஒரு காலண்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதவிடாய்க்கு முன்பு வரும் கடுமையான மனக்கொந்தளிப்புக்கு ஆயுர்வேதத்தில் என்ன வழி என்று உங்கள் பெண்கள் இணைப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். இந்த விஷயத்தை ஒரு நாளிதழ் வெளிப்படையாக எழுதியதற்கு முதலில் நன்றி. நான் ஆயுர்வேதம் படித்து, பெரும்பாலும் பெண்களுக்கே வைத்தியம் பார்க்கிறவள். கட்டுரையில் சொன்ன சதாவரி, அசோகாரிஷ்டம், பிரம்மி எல்லாம் நான் தினமும் எழுதிக்கொடுப்பவைதான். அவற்றின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் கட்டுரை வந்த வாரமே, அதைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாயார் மகளை அழைத்து வந்தார். “இதுல போட்டிருக்கிற மருந்தை எழுதிக் கொடுங்க டாக்டர். மனநல டாக்டர் குடுத்த மாத்திரையை முந்தாநாளே நிறுத்திட்டோம்” என்றார். அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டுரை இரண்டு வேறு நிலைகளை ஒன்றாகக் கலந்துவிட்டது. பீரியட்ஸுக்கு நாலைந்து நாள் முன்பு கொஞ்சம் எரிச்சல், மார்பில் கனம், வயிறு உப்பல், இனிப்பு தின்னத் தோன்றுவது என்பது பல பெண்களுக்கு உள்ளது. அதைப் பி.எம்.எஸ். என்கிறோம். பி.எம்.டி.டி., அதாவது மாதவிடாய்க்கு முன்பு வரும் கடுமையான மனக்கொந்தளிப்பு நோய், அப்படியல்ல. அந்த நாட்களில் இந்த நோய் உள்ள பெண் வேலையை விட்டுவிடலாமா என்று நினைக்கிறாள், குழந்தையை அடித்துவிட்டு அழுகிறாள், “நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதி” என்று சொல்கிறாள். ரத்தப்போக்கு தொடங்கிய ஓரிரு நாளில் மேகம் விலகிய மாதிரி பழைய ஆளாகிவிடுகிறாள். மாதவிடாய் வரும் பெண்களில் நூற்றுக்கு 3 முதல் 8 பேருக்கு இது இருக்கும் என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டில் இது தனி நோயாகவே சேர்க்கப்பட்டது. 11 அறிகுறிகளில் குறைந்தது 5 இருக்க வேண்டும், அவற்றில் ஒன்றாவது மனம் சார்ந்ததாக இருக்க வேண்டும் என்பது அதன் வரையறை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் இந்த நோய்க்கு இடம் உண்டு.

எங்களிடம் வருகிறவர்களில் பலர் ஒரு கோப்பு நிறைய ஹார்மோன் பரிசோதனை முடிவுகளோடு வருவார்கள். எல்லாமே நார்மல். “ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையே, இவ வேணும்னே பண்றா” என்று கூட வந்தவர் சொல்வார். இந்த ஒரு வாக்கியம் செய்த சேதத்தை எந்தக் கஷாயமும் ஆற்ற முடியாது. எனவே கொஞ்சம் விளக்கிச் சொல்ல அனுமதியுங்கள்.

பி.எம்.டி.டி.யில் ஹார்மோனின் அளவு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சாதாரணமான அந்த ஏற்ற இறக்கத்தை அவளுடைய மூளை ஏற்றுக்கொள்ளும் விதம்தான் வேறு. கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரான் கூடுகிறது. அது உடைந்து அல்லோபிரக்னனோலோன் என்ற பொருளாகி மூளையின் பரபரப்பை அடக்கும் காபா ஏற்பிகளில் வேலை செய்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது அமைதி தருவது. இவர்களுக்கோ அதே பொருள் பதற்றத்தையும் சினத்தையும் கிளப்பிவிடுகிறது. 1998-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இந்தத் தொல்லை உள்ள பெண்களுக்குச் சினைப்பையின் வேலையை மருந்தால் நிறுத்தி வைத்தார்கள். பலருக்குத் தொல்லை குறைந்தது. பிறகு ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்டிரானையோ வெளியிலிருந்து கொடுத்ததும் அது திரும்பி வந்தது. அதே ஹார்மோன்களை அதே முறையில் கொடுத்தபோது, இந்தத் தொல்லை இல்லாத பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் நடிக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இனி என் துறைக்கு வருகிறேன். பி.எம்.டி.டி. என்ற பெயரில் ஆயுர்வேத நூல்களில் நோய் எதுவும் இல்லை. ஆனால் மாதச் சுழற்சியை ரஜகாலம் (ரத்தப்போக்கு நாட்கள்), ருதுகாலம் (கருத்தரிக்க ஏற்ற நாட்கள்), ருதுவியதீத காலம் (அதன்பின் அடுத்த மாதவிடாய் வரையான நாட்கள்) என்று பிரித்துப் பார்க்கும் பார்வை உண்டு. வாதம் கெடாமல் பெண்ணின் பிறப்புறுப்பில் நோய் வராது என்று சரகரின் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை சிகிச்சா ஸ்தானத்தின் 30-ஆம் அத்தியாயம் சொல்கிறது. இதை வைத்துத்தான் நாங்கள் அபான வாயுவை, அதாவது அடிவயிற்றில் கீழ்நோக்கி இயங்கும் வாதத்தை, சீராக்குவதில் தொடங்குகிறோம். ஒருத்திக்குப் பயமும் தூக்கமின்மையும் முன்னால் நிற்கும், இன்னொருத்திக்குக் கோபமும் உடம்பில் எரிச்சலும், வேறொருத்திக்கு எழுந்திருக்கவே முடியாத பாரம். மூவருக்கும் ஒரே மருந்து தர மாட்டோம். உங்கள் கட்டுரை மூவருக்கும் ஒரே கரண்டிக் கணக்கில் சதாவரிப் பொடியைச் சொல்லிவிட்டது. அது ஆயுர்வேதமே அல்ல.

எங்கள் வைத்தியத்தில் நல்ல பலன் தருவதாக நான் கண்டது மருந்தைவிட ஒழுங்கைத்தான். ருதுவியதீத காலத்தில் நேரத்துக்குச் சாப்பாடு, இரவு விழிப்பு இல்லாமை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, தேவைப்பட்டால் நெற்றியில் எண்ணெயைத் தாரையாக ஊற்றும் சிரோதாரை. சரகர் மருத்துவத்தை மூன்றாகப் பிரிக்கும்போது மூன்றாவதாகச் சொல்வது சத்வாவஜயம், அதாவது கேடு தரும் விஷயங்களிலிருந்து மனதை மீட்டு நிறுத்துவது. இன்றைய மனநல ஆலோசகர் உட்கார்ந்து பேசிச் செய்யும் வேலைக்கு அது வெகு தூரத்தில் இல்லை. எங்கள் துறையினர் அரிஷ்டப் புட்டியை எடுத்துக் கொடுப்பதில் காட்டும் ஆர்வத்தில் பாதியை இதில் காட்டினால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

மருந்துகளைப் பற்றியும் நேராகவே சொல்லிவிடுகிறேன். பி.எம்.டி.டி.யைக் குணமாக்கும் என்று பெரிய ஆய்வுகளில் உறுதிப்பட்ட ஆயுர்வேத மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை. இருப்பவை சிறிய ஆய்வுகள், அவையும் பெரும்பாலும் லேசான பி.எம்.எஸ். பற்றியவை. அமுக்கரா (அஸ்வகந்தா) தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் உதவலாம். ஆனால் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர், கல்லீரல் நோய் உள்ளவர், கருத்தரித்திருப்பவர் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அமுக்கராவால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய பதிவுகள் பல நாடுகளில் இருக்கின்றன. அரிஷ்டம், ஆசவம் எல்லாவற்றிலும் புளிக்கும்போது தானாக உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. மனநல மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுப்பவருக்கு இதைச் சொல்லாமல் கொடுப்பது தவறு. பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற ஆயுர்வேதத் தயாரிப்புகள் 70-ஐச் சோதித்து 2004-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது இருந்தது. என் துறையைப் பற்றி இதை எழுதுவது எனக்கு வலிக்கிறது. ஆனால் உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் இல்லாத பொடியைத் தெரிந்தவர் கொடுத்தார் என்று வாங்கிச் சாப்பிடும் பெண்களை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

கட்டுரையில் நொச்சியைச் சேர்த்திருந்ததும் சரியல்ல. ஐரோப்பாவில் பி.எம்.எஸ்.ஸுக்குக் கொடுத்து ஆய்வு செய்தது வைடெக்ஸ் ஆக்னஸ் காஸ்டஸ் என்ற செடியின் பழம். நம் நொச்சி வைடெக்ஸ் நெகுண்டோ. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே பேரினம், ஆனால் வேறு செடிகள். சளிக்கு ஆவி பிடிக்க நொச்சி நல்லதுதான். அதற்காக அந்தச் செடியின் ஆய்வு முடிவை இந்தச் செடிக்கு எழுதிவைக்க முடியாது.

ஆங்கில மருத்துவத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கட்டுரை “பக்கவிளைவுள்ள மாத்திரைகள்” என்ற இரண்டு சொல்லில் முடித்துவிட்டது. அந்தத் தாயாருக்குத் துணிச்சல் கொடுத்தது அந்த இரண்டு சொல்தான். ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பி.எம்.டி.டி.க்குப் பலன் தருவது நன்கு ஆராயப்பட்ட விஷயம். சாதாரண மனச்சோர்வில் அவை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். இந்த நோயில் சில நாட்களிலேயே பலன் தெரியும். அதனால் சிலருக்கு மாதத்தின் பின்பாதியில் மட்டும் எடுத்தால் போதும் என்று மருத்துவர் சொல்வதுண்டு. வேறு சிலருக்கு ஒரு வகைக் கருத்தடை மாத்திரை உதவும். பக்கவிளைவு உண்டு, இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தினமும் எடுத்து வந்தவர் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு, தூக்கமின்மை வரலாம். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் பயந்துபோவார்கள். அந்தப் பெண்ணை நான் முதலில் அதே மனநல மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன். அவருக்குத் தெரியும்படி, பிறகுதான் எண்ணெய்க் குளியலும் மற்றதும்.

இதில் எங்களுக்கு வெட்கம் எதுவும் இருக்கத் தேவையில்லை. குன்மம் (வயிற்றில் வரும் கட்டி) பழுத்துவிட்டால் இது தன்வந்திரி மரபினரின், அதாவது அறுவை வைத்தியர்களின் அதிகாரம் என்று சரகரே எழுதியிருக்கிறார். தன் எல்லை எதுவென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எல்லா மருந்துக்கும் முன்னால் வேண்டியது ஒரு காலண்டர். தினமும் மாலையில் ஐந்தே நிமிடம். ரத்தப்போக்கு உண்டா, கோபம், அழுகை, பயம், தூக்கம், வேலை பாதித்ததா, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை ஓர் எண். 1 என்றால் இல்லவே இல்லை, 6 என்றால் தாங்க முடியவில்லை. இரண்டு சுழற்சிகளுக்கு அன்றன்றே எழுத வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் எல்லாப் பழியும் பீரியட்ஸின் மேல் விழும். ரத்தப்போக்கு நின்ற அடுத்த வாரம் எண்கள் இறங்கித் தெளிவாக இருந்தால் பி.எம்.டி.டி.யாக இருக்கலாம். எந்த வாரமும் தெளியாமல், முன்வாரத்தில் இன்னும் மோசமானால், உள்ளே வேறொரு மனச்சோர்வு இருந்து அந்த நாட்களில் கூடுகிறது. அதற்கான வைத்தியம் வேறு. சுழற்சிக்கும் எண்களுக்கும் தொடர்பே இல்லாவிட்டால் தைராய்டையும் ரத்தசோகையையும் பார்க்க வேண்டும். சில காலண்டர்களில் கணவர் வீட்டில் இருக்கும் நாட்களில் மட்டும் 6 இருக்கும். அதற்கு வாதத்திலும் பித்தத்திலும் விடை தேடக் கூடாது.

சாவு எண்ணம் பற்றிய கட்டத்தை மட்டும் இரண்டு மாதம் காத்திருக்க விடாதீர்கள். பி.எம்.டி.டி. உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் அதிகம் என்பது ஆய்வுகளில் தெரிந்த உண்மை. அது வந்தால் அன்றே மருத்துவர், அன்றே வீட்டில் ஒருவர் துணை. டெலி மனாஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். “அப்படி ஏதாவது தோணுதாம்மா?” என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று என் துறை நண்பர்கள் சிலர் தயங்குகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. நான் கேட்டபோது, முதல் தடவையாக ஒருவர் கேட்டாரே என்று அழுதவர்கள்தான் அதிகம்.

கடைசியாக உங்களிடம் இரண்டு கோரிக்கைகள். கட்டுரை வந்த அதே பக்கத்தின் கீழே, மாதவிடாய்க் கோளாறுகள் அனைத்தையும் சரியாக்கும் டானிக் என்று ஒரு விளம்பரம் இருந்தது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பெண்களின் மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்வதாகச் சொல்லி மருந்தை விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அந்த விளம்பரத்தை உங்கள் விளம்பரப் பிரிவு மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

இன்னொன்று, நான் மேலே சொன்ன காலண்டரைக் கத்தரித்து எடுத்துக்கொள்ளும்படி ஒரு படிவமாக உங்கள் இணைப்பில் அச்சிடுங்கள், 14416 என்ற எண்ணை அதன் தலையில் பெரிதாகப் போட்டு. ஆயுர்வேதமோ சித்தமோ அலோபதியோ, எந்த மருத்துவரிடம் போனாலும் அதைக் கையில் கொண்டுபோகலாம். படிவத்தைத் தமிழில் நானே எழுதித் தருகிறேன், அரைப் பக்கத்துக்குள் அடங்கும்.

என்னிடம் வருகிறவர்கள் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆயுர்வேத மருத்துவர்