பருப்பையும் பாமாயிலையும் ஒரே நாள்ல குடுங்க

உணவுத் துறையில முடிவெடுக்குற ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

முதல்லயே சொல்லிடுறேன், ரேஷன் கடைய மூடிட்டு காசா அக்கவுண்ட்ல போட்டுடலாம்னு பேசுற கூட்டத்துல நான் இல்ல. பக்கத்துல புதுச்சேரியில 2015ல அந்த வழிக்குப் போனாங்க, கடைங்க பூட்டிக் கெடந்து கடைசியில 2024 தீபாவளி சமயத்துலதான் மறுபடி தொறந்து அரிசி சக்கரை போட்டாங்க. பருப்பு விலை ஏறுனா அக்கவுண்ட்ல விழுற காசும் கூடவே ஏறுமா என்ன? இங்க வெளிக்கடையில துவரம்பருப்பு நூறத் தாண்டி எங்க போனாலும் ரேஷன்ல கிலோ 30 ரூபாதான், பாமாயில் லிட்டர் 25தான், அரிசி 2011 ஜூன்ல இருந்து காசே இல்ல. இதுல எனக்கு ஒரு குறையும் இல்ல.

குறை எங்கன்னா, எங்க அம்மா நாலு வீட்ல பாத்திரம் தேய்க்கிறவங்க, மாசம் பொறந்ததும் பைய எடுத்துட்டு போனா அரிசியும் சக்கரையும் இருக்கும், பருப்பு லோடு வரலம்மா அடுத்த வாரம் வாம்பாங்க, அடுத்த வாரம் போனா பருப்பு இருக்கும் பாமாயில் இருக்காது, இப்படி ஒரு கார்டுக்கு மூணு நடை. ஒவ்வொரு நடைக்கும் கைரேகை வேற. சோப்புத் தண்ணியில ஊறி ஊறி அவங்க விரல்ல ரேகையே தேஞ்சு போச்சு, மெஷின் எடுக்காது, முந்தானையில தொடச்சு தொடச்சு நாலாவது தடவை வெச்சாதான் பில்லு வரும். அதுக்குள்ள வேலைக்கு லேட்டு, அங்க ஒரு திட்டு. 30 ரூபா பருப்பு எங்களுக்கு நெஜமா 30 ரூபாய்க்கா கெடைக்குது? (நடுவுல டீத்தூள் பாக்கெட் ஒன்னு எடுத்துக்கம்மான்னு தள்ளிவிடுறது தனிக்கதை. பாவம் கடைக்காரர், அவருக்கும் மேல இருந்து டார்கெட்டாம்.)

2024 மே மாசத்து பருப்பு பாமாயில ஜூன்ல வாங்கிக்கலாம்னு அரசே அறிவிச்சுது, அதனால பொருள் லேட்டாகும்னு உங்களுக்குத் தெரியாம இல்ல. லேட்டாகட்டும், பரவால்ல, எல்லாத்தையும் சேத்து ஒரே நாள்ல போடுங்க. பில் போட்டதும் போனுக்கு மெசேஜ் அனுப்புறீங்கல்ல, அதே நம்பருக்கு பொருள் வந்து எறங்குனதும் ஒரு மெசேஜ் அனுப்பிடுங்க, அது போதும்.

இந்த மாசம் பாமாயில் இன்னும் வாங்கல, அம்மா நாளைக்கு மறுபடி போறாங்க.