சவுண்ட் செக் நேரத்தில் கதவைத் திறந்து வையுங்கள்

பெங்களூரு இசைக் கல்லூரி ஒன்றின் நிர்வாகத்தினருக்கும், அங்கே கச்சேரிகளை ஏற்பாடு செய்யும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். அல்சூரில் என் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லித் தருகிறேன். ஜாஸ், ஃப்யூஷன் கச்சேரிகளை இந்த சீசன் முழுக்க நீங்கள் நடத்துவதற்கு முதலில் மனமார்ந்த நன்றி.

போன கச்சேரிக்கு மாணவர்கள் ஆறு பேரைக் கூட்டி வந்திருந்தேன். சாக்ஸபோன்காரர் ஏழு எண்ணிக்கையில் ஒரு உருப்படியை எடுத்தார். முன்வரிசையில் சிலர் கைதட்டிப் பார்த்துத் தடுமாறினார்கள். என் பக்கத்தில் இருந்த பத்து வயதுப் பையன் தொடையில் தகிட தகதிமி என்று மிஸ்ர சாபு, நம் ஏழு எண்ணிக்கைத் தாளம், போட ஆரம்பித்துவிட்டான், கடைசி வரை விடவில்லை. அந்த இசை அவனுக்கு வேற்று ஊர்ச் சரக்காகவே படவில்லை.

படவும் வேண்டாமே. ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் 1970களில் தொடங்கிய சக்தி குழுவில் எல். சங்கரின் வயலினும் விக்கு விநாயக்ராமின் கடமும் இருந்தன. மெக்லாக்லின் வீணை கற்றுக்கொண்டது கர்நாடக இசைக் கலைஞர் எஸ். ராமநாதனிடம். நம் பெங்களூரையே எடுத்துக்கொள்ளுங்கள். டி.ஏ.எஸ். மணி, ஆர்.ஏ. ரமாமணி இருவரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழு, சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவோடு சேர்ந்து 1983இலேயே 'ஜோதி' இசைத்தட்டைக் கொண்டுவந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்று மதியம் சவுண்ட் செக், அதாவது கச்சேரிக்கு முன் மைக்கையும் வாத்தியங்களையும் வாசித்துச் சரிபார்ப்பது, நடந்தபோது, பிள்ளைகள் ஓரமாக நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். கல்லூரி மாணவர்களுக்கு மட்டும்தான் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வரை எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், வேறொரு மேடையில் பக்கவாத்தியம் வாசிக்கப் போனபோது சவுண்ட் செக்கில் நான் கற்றது அப்படி. பியானோ உருப்படியின் நடுவிலேயே வேறு ஸ்ருதிக்குப் போகிறது. என் மிருதங்கத்தின் வலந்தலையோ, அதாவது ஸ்ருதி சேர்த்த வலது பக்கமோ, ஒரே ஸ்ருதியில் நிற்கிறது. கல்லையும் புள் என்கிற மரக்கட்டையையும் வைத்துத் தட்டிச் சேர்க்க அங்கே ஏது நேரம்? அந்த இடத்தில் வலந்தலையில் ஸ்ருதியோடு ஒலிக்கும் மீட்டுச்சொல்லை விட்டுவிட்டு தொப்பிப் பக்கமே, அதாவது இடது பக்கமே, வாசித்துப் பார்த்தேன். அதுவும் டிரம்ஸ் சத்தத்துக்குள் அமுங்கிப் போயிற்று. டிரம்மர் பார்த்தார், குச்சியைக் கீழே வைத்தார், மெதுவாக ஒலிக்கும் பிரஷ்ஷை எடுத்தார். என் ரவை அப்பிய தொப்பியின் கும்காரம், அந்த கும்மென்ற நாதம், அப்போதுதான் வெளியே வந்தது. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அதை ஒரு வருஷம் பாடம் எடுத்தாலும் என்னால் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. ராத்திரி மேடையில் இதெல்லாம் தெரியாது. சமைத்து இறக்கிய பிறகுதான் சபைக்குப் பரிமாறுகிறார்கள்.

அதனால் என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு கச்சேரி அன்றும் சவுண்ட் செக்கில் அரை மணி நேரம், பத்துப் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் உட்கார விடுங்கள். என் மாணவர்கள் மட்டும் என்று கேட்கவில்லை. கோயிலில் தவில் வாசிக்கிற வீட்டுப் பிள்ளைகள், சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிற பிள்ளைகள் எல்லாரும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். வாசிக்கும் கலைஞர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் அன்றைக்கு வரமாட்டோம். போன் வெளியே வராது, பேச்சு வராது, நானே கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த கச்சேரிக்கு இரண்டு வாரம் இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் என் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பையன் தினமும் கிளாஸுக்கு வந்ததும் முதலில் கேட்பது இதைத்தான்.

அன்புடன்,
அல்சூர் மிருதங்க ஆசிரியர்