துப்பாக்கியை மட்டும் அனுப்பவில்லை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டவற்றுக்கு அப்போதே பதில் சொல்ல நினைத்தேன். உன் அப்பாவும் அக்காவும் மாறி மாறிப் பேசியதில் நிதானமாகச் சொல்ல முடியவில்லை. பரணில் இருக்கும் பழைய வீடியோ கேம் பெட்டியைப் பேத்திக்காக டப்ளினுக்கு அனுப்பச் சொன்னாய். நீ இப்போது ஆடும் எல்டன் ரிங் என்ற வீடியோ கேமில் கோட்டை வாசலை மறித்து நிற்கும் மார்கிட் என்ற எதிரியைத் தாண்ட முடியவில்லை, கையில் பழைய வேகம் இல்லை, விட்டுவிடப் போகிறேன் என்றும் சொன்னாய். அதே பேச்சில், நாங்கள் ஆடியவைதான் கடினமான ஆட்டங்கள், இக்காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே சுலபம் என்றாய். இவை இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, கண்ணா. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். இறக்கித் துடைத்து, மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன், வேலை செய்கிறது. பர்மா பஜாரில் உன் அப்பா பேரம் பேசி வாங்கிய பெட்டி அது. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் உருவான அந்தக் கடைத்தெரு இல்லாதிருந்தால், பழைய வண்ணாரப்பேட்டையின் ஒரு வாத்தியார் வீட்டுக்கு ஜப்பானிய ஆட்டங்கள் வந்திருக்க வழியே இல்லை. மூலப் பெட்டி, கியோட்டோவின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம். நம்முடையது அதன் நகல். மூலத்தில் தனித்தனியாக இருந்த சில்லுகளின் வேலையை ஒரே சில்லுக்குள் அடக்கி, அதன்மேல் கரிய பிசினை ஊற்றி மூடியிருப்பார்கள். கேசட்டின் மேல் ஒன்பதுகளை வரிசையாக அச்சிட்டு 'இன் 1' என்று போட்டிருந்தாலும், உள்ளே இருப்பவை சில ஆட்டங்களே. அவற்றையே வேறு வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்கவைத்துப் பட்டியலை நீட்டியிருந்தார்கள்.

கேசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதாதே, பேத்தியையும் ஊதவிடாதே. ஊதினால் சரியாகிறது என்று நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள். உண்மையில், கழற்றி மறுபடி செருகும்போது உலோகப் பட்டைகள் புதிதாக ஒன்றோடொன்று பொருந்துவதால்தான் சரியாகிறது. மூச்சின் ஈரம் பட்டைகளில் களிம்பேற்றும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். எல்லாக் கேசட்டுகளையும் அப்படித் துடைத்துவிட்டேன்.

பெட்டியோடு இருந்த விளையாட்டுத் துப்பாக்கியை மட்டும் அனுப்பவில்லை. அது பழுதாகவில்லை, உன் வீட்டுத் தட்டைத் திரை டிவியில் அது வேலை செய்யாது. வாத்து சுடும் டக் ஹன்ட் ஆட்டத்தில் நீ விசையை அழுத்தியதும் ஆட்டம் திரை முழுவதையும் ஒரு கணம் கறுப்பாக்கி, அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டத்தைக் காட்டும். துப்பாக்கி எதையும் வெளியே அனுப்புவதில்லை. அதன் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி திரையைப் பார்க்கிறது. முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் அது கண்டால் குறி தவறவில்லை என்று பொருள். எரியும் பல்பை நோக்கிச் சுட்டு யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த இருட்டு. பிக்சர் டியூப் டிவியில் எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரி வரியாக உடனுக்குடன் ஒளியேற்றியதால் இது நடந்தது. தட்டைத் திரையோ படத்தை வாங்கி, தன் அளவுக்கு மாற்றிய பிறகே காட்டுகிறது. ஆட்டம் விடை கேட்கும் நொடியில் வெள்ளைக் கட்டம் திரைக்கே வந்திருக்காது. பேத்தி எவ்வளவு சரியாகக் குறிபார்த்தாலும் எல்லா வாத்தும் தப்பிவிடும். தன் தவறில்லாத ஒன்றுக்காக ஒரு குழந்தை தோற்பதை நான் விரும்பவில்லை.

உன் பெருமைக்குரிய அந்தக் கடினத்தைப் பற்றியும் எனக்கு இதே எண்ணம்தான். பள்ளியில் இயற்பியல் நடத்திய காலம் முழுவதும் நான் மாணவர்களிடம் கேட்டது, ஒன்று ஏன் அப்படி இருக்கிறது என்பதைத்தான். அதை இங்கும் கேட்டுப் பார். 1985இல் வந்த சூப்பர் மேரியோ ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. நேற்று நீ அனுப்பிய பேத்தியின் ஒரே ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. பெட்டியின் வேலை நினைவகம் 2 கிலோபைட். இடம் போதாமல்தான் வானத்து மேகத்தின் உருவத்தையே நிறம் மாற்றித் தரையில் புதராக நட்டார்கள். 32 ஸ்டேஜுகளுக்குமேல் வைக்க இடமில்லாத ஆட்டத்தை மாதக்கணக்கில் ஆடவைக்க வேண்டுமென்றால், அதைக் கடினமாக்குவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி அதிகம் இல்லை. அந்தக் கடினத்தின் ஒரு பகுதி பற்றாக்குறையில் பிறந்தது.

இன்னொரு பகுதி காசுக்காகப் பிறந்தது. 1985இல் கேப்காம் வெளியிட்ட கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ், முதலில் காசு போட்டு ஆடும் எந்திரத்துக்காகச் செய்யப்பட்டது. ஒரு அடியில் வீரனின் கவசம் போகும், மறு அடியில் உயிர் போகும். தட்டுத் தடுமாறிக் கடைசிவரை வந்தவனிடம், இதெல்லாம் சாத்தான் காட்டிய மாயை என்று சொல்லி, மறுபடி முதலிலிருந்து ஆடவைப்பார்கள். எந்திரத்தின் முன் ஒருவர் அதிக நேரம் நின்றால் கடைக்காரருக்கு நட்டம் என்பதை நினைத்தால் இதற்குக் காரணம் விளங்கும். அமெரிக்காவில் கேசட்டை வாடகைக்கு எடுக்கும் வழக்கம் இருந்தது. வார இறுதிக்குள் முடித்துவிட்டால் யாரும் விலைக்கு வாங்கமாட்டார்கள் என்பதற்காகவே 1994இல் வந்த லயன் கிங் ஆட்டத்தின் இரண்டாம் ஸ்டேஜைக் கடினமாக்கினார்கள். இவற்றை வென்றதில் உனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் இந்தக் கடினங்களுக்கு வணக்கம் செலுத்த வேண்டிய அவசியம் உனக்கும் இல்லை, பேத்திக்கும் இல்லை.

இவற்றோடு நம் பகுதி தன் பங்குக்குச் சேர்த்த கடினம் ஒன்று உண்டு. நீ எட்டாவது உலகத்தில் இருக்கும்போது மின்சாரம் நிற்கும். சேமித்து வைக்கும் வசதி மேரியோவில் இல்லை. மீண்டும் விளக்கு எரியும்போது தலைப்புத் திரைதான் இருக்கும், எல்லாம் முதலிலிருந்து. லைஃப் எல்லாம் தீர்ந்து ஆட்டம் முடிந்தாலாவது, ஏ பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட்டை அழுத்தினால் விட்ட உலகத்தின் தொடக்கத்திற்குப் போகலாம். அந்த வழியை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, பஜாரில் வாங்கிய பெட்டியோடு விளக்கப் புத்தகமும் வரவில்லை.

மதிக்கத்தக்க கடினம் எது என்று கேட்பாய். மேரியோவின் முதல் திரையை நினைத்துப் பார். எதிரி ஒன்று மெதுவாக உன்னை நோக்கி நடந்து வருகிறது. தலைக்குமேல் கேள்விக்குறிக் கட்டம் மின்னுகிறது. தாவினால் பிழைக்கலாம், முட்டினால் ஏதோ கிடைக்கும் என்பதை ஒரு சொல்லும் எழுதாமல் அந்த ஒரு திரை கற்றுக்கொடுத்துவிடுகிறது. பிறகு வரும் ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு ஆமையும் அதே இடத்தில், அதே நேரத்தில்தான் வரும். உனக்கு மட்டும் ஒன்றாகவும் எதிர்வீட்டுப் பையனுக்கு வேறொன்றாகவும் அது நடந்துகொள்ளாது. தோற்றவனுக்குத் தான் ஏன் தோற்றோம் என்பது தெரிகிறது, அடுத்த முறை அதைத் திருத்திக்கொள்ள வழியிருக்கிறது. வகுப்பறையில் நான் வைத்த தேர்வுகளும் இப்படி இருக்க வேண்டும் என்றுதான் முயன்றேன்.

சுட்டுக்கொண்டே ஓடும் கான்ட்ரா ஆட்டமும் அந்த வகைதான். ஒரு குண்டு பட்டால் ஒரு லைஃப். தொடக்கத்தில் மூன்றே லைஃப். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் முப்பது லைஃப் கிடைக்கும் என்பது தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்திருந்தும், நீ அதைத் தொடவே மறுத்தாய். அது ஏமாற்று என்றாய். அந்த வரிசை எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்கிறேன், கேள். கான்ட்ராவைச் செய்த கொனாமி நிறுவனத்தில் பணியாற்றிய கசுஹிசா ஹஷிமோட்டோ, கிரேடியஸ் என்ற ஆட்டத்தை 1986இல் ஃபேமிகாமுக்கு மாற்றியபோது, சரிபார்க்க வேண்டி அதைத் தாமே முழுவதும் ஆட வேண்டியிருந்தது. அவரால் முடியவில்லை, அவ்வளவு கடினம். அதற்காகத் தமக்கென்று வைத்துக்கொண்ட வழிதான் அது. எடுக்க மறந்து, ஆட்டத்தோடு வெளியே போய்விட்டது. 2020இல் அவர் மறைந்தபோது உலகெங்கும் நினைவுகூர்ந்தது அந்தக் கடினத்தை அல்ல, அவர் விட்டுப்போன அந்த உதவியைத்தான்.

கை வேகத்தைப் பற்றி நீ கவலைப்படுவதால், விழும் கட்டைகளை அடுக்கும், நான் விரும்பி ஆடிய டெட்ரிஸைப் பற்றியும் எழுதுகிறேன். நிண்டெண்டோவின் 1989 பதிப்பில் 29ஆவது நிலைக்குமேல் மனிதக் கையால் ஆட முடியாது என்று நெடுங்காலம் நம்பினார்கள். கட்டைகள் விழும் வேகத்துக்கு விரல் ஈடுகொடுக்கவில்லை. பிறகு ஒருவர், பட்டனைக் கட்டைவிரலால் அழுத்துவதை விட்டு, ஜாய்ஸ்டிக்கின் அடிப்பக்கத்தை மறுகையின் விரல்களால் வரிசையாகத் தட்டும் முறையைக் கண்டார். 2023 டிசம்பரில் பதின்மூன்று வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் அம்முறையில் ஆடி, ஆட்டம் தாங்காமல் உறைந்து நிற்கும் இடம்வரை போனான். வென்றவன் சிறுவன்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் முப்பதாண்டுகளாக எத்தனையோ சிறுவர்களால் முடியாதது அவனுக்கு முடிந்ததற்குக் காரணம், பிடிக்கும் விதம் மாறியது.

மார்கிட்டிடம் நீ தோற்பதும் வேகம் குறைந்ததனால் என்று நான் நினைக்கவில்லை. விடுமுறைக்கு வந்த உன் அக்கா மகன் நம் கூடத்தில் அமர்ந்து அந்த ஆட்டத்தை ஆடியபோது நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்தக் கிழவன் கோலை ஓங்குகிறான். ஓங்கியபடியே நிறுத்தி வைக்கிறான். நீ பதற்றத்தில் முன்னதாகவே உருண்டுவிடுகிறாய், உருண்டு எழும் இடத்தில் கோல் இறங்குகிறது. வேகம் மிகுந்தவனைத் தோற்கடிக்கவே அமைத்த அடி அது. பொறுத்துப் பார்ப்பவனுக்கு வயது ஒரு தடையாகாது.

அதற்குமேல், உதவி கேட்கவும் நீ மறுக்கிறாய். வாசலுக்கு வெளியே ரோஜியர் என்ற மந்திரவாதியை அழைக்கும் குறி தரையில் இருக்கிறது. மணியடித்து ஆவிகளை வரவழைக்கலாம். குகையில் இருக்கும் பேட்ச்சஸ் என்பவன் விற்கும் கைவிலங்கைக் கொண்டு மார்கிட்டைச் சிறிது நேரம் கட்டிவைக்கலாம். எதுவும் வேண்டாமென்றால் தெற்கே இருக்கும் தீபகற்பத்தில் சுற்றி வலிமை சேர்த்துக்கொண்டு வரலாம். இவற்றை எல்லாம் வைத்தவர்கள் ஆட்டத்தைச் செய்தவர்களேதான். அதை இயக்கிய மியாசாகி, தாம் நல்ல ஆட்டக்காரர் அல்லர் என்றும், கிடைக்கும் எல்லா உதவிகளையும் பயன்படுத்தியே ஆடுவதாகவும் 2024இல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஹஷிமோட்டோவும் அவரும் ஒரே நிலையில் இருந்தவர்கள். தாம் செய்ததை உதவியில்லாமல் தாமே வெல்ல முடியாதவர்கள் கதவைத் திறந்து வைத்திருக்கும்போது, நீ ஏன் சுவரில் மோத வேண்டும்?

நம் பகுதி கேரம் கிளப்புகளில் நீ பார்க்காததில்லை. வியாசர்பாடி இளவழகி உலகப் பட்டம் வென்றதும், 2024இல் காசிமா அமெரிக்காவில் உலகக் கோப்பை வென்றதும் பவுடர் போட்ட பலகையில்தான். பவுடர் போட்டதனால் அவர்களுடைய குறி எளிதாகிவிட்டது என்று அந்தக் கிளப்பில் யாராவது சொல்வார்களா?

பேத்திக்கு இந்தப் பெட்டியைக் கொடுக்கும்போது உன் பழைய பெருமையையும் சேர்த்துக் கொடுக்காதே. அவள் இரண்டாம் வகுப்புப் பிள்ளை. மேரியோவின் முதல் உலகத்தை அவளாகவே கண்டுபிடிக்கட்டும். அங்கே பின்னாலிருந்து வழி சொல்லாதே, அது தானே சொல்லிக்கொடுக்கும். கான்ட்ராவை நீயும் அவளுமாகச் சேர்ந்து ஆடுங்கள், முப்பது லைஃபோடு. கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ் இருக்கும் கேசட்டை நான் பெட்டியில் வைக்கவே இல்லை. பிறகு ஒருநாள் அவளே கேட்டால், அதன் கதையைச் சொல்லிவிட்டு அனுப்புகிறேன்.

பார்சலை அக்கா வெள்ளிக்கிழமை அனுப்புவாள். டிவியோடு இணைக்க ஆன்டெனா ஒயரைப் பயன்படுத்தாதே, மஞ்சளும் வெள்ளையுமான ஏவி ஒயர்களைச் செருகு. உன் டிவியில் அந்தத் துளைகள் இல்லையென்றால் ஏவியை எச்டிஎம்ஐக்கு மாற்றும் சிறிய பெட்டி ஒன்று வாங்க வேண்டியிருக்கும். அடாப்டருக்கு அங்கே இருக்கும் 230 வோல்ட் ஒத்துவரும், பிளக்கின் கால்கள்தான் பொருந்தாது. மார்கிட்டிடம் போகுமுன் ரோஜியரை அழைத்துப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா
பழைய வண்ணாரப்பேட்டை