எந்த வருடத்து அலி, எந்த வருடத்து டைசன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் குத்துச்சண்டை வீரர்கள் முகமது அலியும் மைக் டைசனும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நான்காவது ரவுண்டிலேயே டைசன் நாக் அவுட் செய்துவிடுவார் என்று கட்டுரையாளர் தீர்ப்பு எழுதிவிட்டார். டைசனின் நாக் அவுட் எண்ணிக்கையைச் சொன்னார், குத்தின் வேகத்தைச் சொன்னார். அப்புறம் ஒரு கணக்கும் போட்டார்: 1980-ல் அலியை ஜெயித்தவர் லாரி ஹோம்ஸ், அந்த ஹோம்ஸை 1988-ல் நான்கே ரவுண்டில் சாய்த்தவர் டைசன், ஆகவே டைசனே பெரியவர்.

வியாசர்பாடியில் மாலை நேரத்தில் பையன்களுக்கு பாக்ஸிங் சொல்லிக்கொடுப்பவன் நான். மறுநாளே அந்தக் கட்டுரையை போனில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். "மாஸ்டர், பேப்பர்லயே போட்டுட்டாங்க" என்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த ஹோம்ஸ் கணக்கு. 1980 அக்டோபரில் லாஸ் வேகாஸில் ஹோம்ஸிடம் தோற்றபோது அலிக்கு வயது 38. ஓய்வு அறிவித்து, இரண்டு வருடம் சண்டையே போடாமல் இருந்து திரும்பியவர். 1988 ஜனவரியில் டைசனிடம் தோற்றபோது ஹோம்ஸுக்கும் வயது 38. அவரும் இரண்டு வருடம் போல ரிங்கை விட்டு விலகி இருந்தவர்தான். இரண்டு சண்டையிலும் நடந்தது ஒன்றே: இளையவர் முதியவரை அடித்தார். ட்ரெவர் பெர்பிக்கை வைத்தும் இதே கணக்கைப் போடலாம். 1981 டிசம்பரில் பஹாமாஸில் அலியின் கடைசிச் சண்டையில் அவரைத் தோற்கடித்தவர் பெர்பிக். ஐந்து வருடம் கழித்து அதே பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் விழுத்தாட்டித்தான் 20 வயது டைசன் சாம்பியன் ஆனார். பெர்பிக் அலியைவிடப் பெரிய பாக்ஸர் என்று யாராவது சொல்வார்களா?

1980-ன் தொடக்கத்தில் அலி மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். இளைஞனாகக் கூட்டத்தில் நின்று பார்த்தவன் நான். உடம்பு கனத்திருந்தது. படங்களில் பார்த்த அந்தக் கால் வேகம் இல்லை. அதே வருடம் ஹோம்ஸிடம் தோற்ற செய்தி வந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை, வருத்தமாகத்தான் இருந்தது. அந்த 1980 அலியை எடுத்து வைத்து டைசனோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை.

ஒருவரை வைத்து இன்னொருவரை அளப்பது குத்துச்சண்டையில் எடுபடாது என்பதற்கு எழுபதுகளே சாட்சி. 1973 மார்ச்சில் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். அடுத்த வருடம் கராகஸில் அந்த நார்ட்டனை ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் முடித்தார். அதே வருடம் அக்டோபரில் கின்ஷாசாவில் ஃபோர்மனை அலி எட்டாவது ரவுண்டில் விழ வைத்தார். மூன்று பேரில் யார் பெரியவர் என்று அந்தக் கணக்கு எங்கே சொல்கிறது? ஒருவருடைய பாணி இன்னொருவருக்கு ஒத்துவரும் அல்லது வராது, அவ்வளவுதான். நார்ட்டனின் ஜாப், அதாவது முன்கையை நேராக நீட்டிப் போடும் குத்து, அலியைக் கடைசி வரை தொல்லைப்படுத்தியது. ஃபோர்மனின் கனத்த குத்துக்கு நார்ட்டனிடம் பதில் இல்லை.

கற்பனைச் சண்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கம் டீக்கடையில் இந்தப் பேச்சு இல்லாத நாள் கிடையாது, நானே முன்னால் நின்று பேசுவேன். ஆனால் சண்டை நடக்கும் வருடம், எத்தனை ரவுண்டு, ரெஃப்ரி எப்படிப்பட்டவர் என்பதையெல்லாம் முதலில் முடிவு செய்துகொண்டு பேச வேண்டும்.

என் தேர்வு 1966 நவம்பர் அலி. ஹூஸ்டனில் கிளீவ்லாந்து வில்லியம்ஸை மூன்றாவது ரவுண்டில் முடித்த அலி. 6 அடி 3 அங்குலம், சுமார் 96 கிலோ, கால் தரையில் நிற்கவே இல்லை. எதிரில் 1988 ஜூன் டைசன். மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் அனுப்பிவைத்தவர். 5 அடி 10 அங்குலம்தான், ஆனால் கனத்தில் அலியைவிடக் கூடுதல். கையிரண்டும் கன்னத்தோரம், தலை ஒரு இடத்தில் நிற்காது, ஜாப் வந்தால் அதற்கு அடியில் புகுந்து விலாவில் ஒன்று, தாடைக்கு ஒன்று. இரண்டு பேருமே அவரவர் உச்சத்தில் இருக்கிறார்கள். இப்போது பேசலாம்.

டைசனுக்குச் சாதகமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அலியின் பலவீனம் இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் இருந்து இடது கையை வளைத்துப் போடும் குத்து. கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு தலையை நேராகப் பின்னால் இழுப்பார். 1962-ல் சானி பேங்க்ஸ், 1963-ல் வெம்ப்ளியில் ஹென்றி கூப்பர், 1971-ல் பதினைந்தாவது ரவுண்டில் ஜோ ஃப்ரேசியர், மூன்று பேரும் அவரை உட்கார வைத்தது இடது ஹூக்கால்தான். டைசனின் இடது ஹூக் அந்த மூன்றுக்கும் குறைந்ததல்ல. முதல் மூன்று ரவுண்டில் அலி ஒரு தடவையாவது விழுவார் என்றே நினைக்கிறேன்.

ஆனால் விழுந்த அலி எழுந்துவிடுவார். பேங்க்ஸ் சண்டையிலும் கூப்பர் சண்டையிலும் எழுந்து வந்து ஜெயித்தார். ஃப்ரேசியரிடம் தோற்றாலும் எழுந்து கடைசி மணி வரை நின்றார். டைசனைப் பாருங்கள். உயரமான, கை நீளமான, பயப்படாத ஆள் எதிரில் நின்றபோதெல்லாம் சண்டை நீண்டது. 1986-ல் நகர்ந்துகொண்டே இருந்த ஜேம்ஸ் டில்லிஸ் பத்து ரவுண்டும் நின்றார். மிட்ச் கிரீனும் கடைசி வரை நின்றார். 1987-ல் போன்கிரஷர் ஸ்மித் கட்டிப்பிடித்தே பன்னிரண்டு ரவுண்டை ஓட்டினார், டோனி டக்கரும் பன்னிரண்டு ரவுண்டு நின்றார். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் ஜாப் போட்டுப் போட்டே களைக்க வைத்து, எட்டாவது ரவுண்டில் விழுந்தும் எழுந்து, பத்தாவதில் முடித்தார். அப்போதைய டைசன் 1988 டைசன் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பயிற்சியாளர் கெவின் ரூனியை விட்டுவிட்டிருந்தார், பழைய தலையசைவு போய்விட்டிருந்தது. அதனால்தான் உச்சத்தில் இருந்தபோது ஆடிய சண்டைகளையும் சேர்த்துச் சொன்னேன். அவர்களில் ஒருவருக்குக்கூட 1966 அலியின் கால் கிடையாது.

ரெஃப்ரி விஷயம் சின்னதாகத் தெரியும், சின்னதல்ல. 1974-ல் ஃப்ரேசியரோடு நடந்த இரண்டாவது சண்டையில் அலி அவர் கழுத்தைப் பிடித்து இழுத்து இழுத்தே நெருக்கத்தில் குத்தவிடாமல் செய்தார். ரெஃப்ரி டோனி பெரெஸ் விட்டுவிட்டார். மறு வருடம் மணிலாவில் அவர்களுடைய மூன்றாவது சண்டையில் ரெஃப்ரி கார்லோஸ் படிலா அந்தக் கையைத் தட்டித் தட்டி விட்டார், அந்தச் சண்டை எந்த அளவுக்குக் கொடுமையாகப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். டைசனும் நெருங்கி வந்தால்தான் ஆபத்து. பெரெஸ் நடுவில் நின்றால் அலிக்கு ராத்திரி சுலபம், படிலா நின்றால் கஷ்டம்.

ரவுண்டும் அப்படித்தான். அலி காலத்தில் சாம்பியன் சண்டை பதினைந்து ரவுண்டு. 1982 நவம்பரில் கொரிய பாக்ஸர் கிம் டுக்-கூ அடிபட்டு இறந்த பிறகே பன்னிரண்டாகக் குறைத்தார்கள். டைசன் ஒரு நாளும் பன்னிரண்டைத் தாண்டியதில்லை. பதினைந்து ரவுண்டு என்றால் பத்துக்குப் பிறகு அலியின் கைதான் மேலே இருக்கும். மூன்று ரவுண்டு அமெச்சூர் விதி என்றால் டைசனே ஜெயிப்பார், அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இந்தக் கற்பனைச் சண்டைகளில் என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. ராணுவத்தில் சேர மறுத்ததற்காக 1967 மார்ச்சிலிருந்து 1970 அக்டோபர் வரை அலிக்குச் சண்டை கிடையாது. 25 வயதிலிருந்து 28 வரை, ஒரு பாக்ஸருக்கு அமையக்கூடிய ஆகச் சிறந்த வருடங்கள். உண்மையான ரிங்கில் ஏற விடாத அந்த நாட்களில்தான் மர்ரி வொரோனர் என்ற தயாரிப்பாளர் பழைய சாம்பியன்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு வானொலியில் சண்டை நடத்தினார். அதில் அலி ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக வந்தது, அலி வழக்குப் போட்டார். பிறகு 1969-ல் அலியையும் ராக்கி மார்சியானோவையும் மயாமியில் ஒரு ஸ்டுடியோவில் நேருக்கு நேர் நிறுத்திப் படம் எடுத்தார்கள். முடிவு என்ன என்று இருவருக்கும் தெரியாதபடி பல முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டார்கள். படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில் மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் தியேட்டர்களில் திரையிட்டபோது பதின்மூன்றாவது ரவுண்டில் அலி நாக் அவுட் என்று காட்டினார்கள். மார்சியானோ 49 சண்டையில் ஒன்றிலும் தோற்காதவர், அவர் மேல் எனக்குக் குறையே இல்லை. ஆனால் சண்டை போட உரிமம் இல்லாத மனிதர் திரையில் விழுந்து கிடந்ததை ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அந்த மூன்றரை வருட அலி எப்படி இருந்திருப்பார் என்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது.

இந்தக் காலத்து ஆட்கள் மலை மாதிரி இருக்கிறார்கள், அலி அவர்களுக்குச் சின்னவர் என்றும் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. உக்ரைன் பாக்ஸர் ஒலெக்சாண்டர் உசிக்கின் உயரம் அலியின் உயரம்தான், கை நீளமும் அதேதான். அவர் 2024 மே மாதம் ரியாத்தில் 6 அடி 9 அங்குல டைசன் ஃபியூரியை (மைக் டைசன் அல்ல, இவர் வேறொருவர்), தன்னைவிடப் பதினைந்து கிலோவுக்கும் மேல் கனமானவரை, பாயிண்டில் ஜெயித்தார். எப்படி? காலாலும் ஜாபாலும்தான். என் பையன்கள் போனில் பார்ப்பது முப்பது விநாடி நாக் அவுட் துண்டுகள். அதைப் பார்த்துவிட்டு வந்து பஞ்சிங் பேக்கில் ஹூக் மட்டும் போடுகிறார்கள், ஜாப் போடச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். பேப்பரும் அதையே எழுதினால் நான் எந்த வாயால் கால் பழகச் சொல்வேன்?

அடுத்த ஞாயிறு 'ஃபோர்மன் - டைசன்' என்று அறிவித்திருக்கிறீர்கள். 1973-ல் கிங்ஸ்டனில் இரண்டே ரவுண்டில் ஃப்ரேசியரை ஆறு முறை விழ வைத்த ஃபோர்மனா, 1994-ல் 45 வயதில் மைக்கேல் மூரரிடம் பட்டத்தைத் திரும்ப வாங்கிய ஃபோர்மனா என்று தலைப்பிலேயே போட்டுவிடுங்கள். 1973 ஃபோர்மன் என்றால் டைசன் பாடு திண்டாட்டம். ஃப்ரேசியரும் குள்ளம், தலையை ஆட்டிக்கொண்டு நேராக உள்ளே வருபவர், இடது ஹூக்கை நம்பியவர். ஃபோர்மன் அவரை இரண்டு கையாலும் தள்ளித் தூரம் வைத்து, கீழிருந்து மேலே போடும் அப்பர்கட் குத்தால் தூக்கினார். கட்டுரையாளர் எழுத உட்காரும் முன் அந்த இரண்டு ரவுண்டையும் ஒரு தடவை முழுசாகப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
குத்துச்சண்டைப் பயிற்றுநர்,
வியாசர்பாடி, சென்னை.