கரைப்பானை மாற்றினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெப்டைடு (அமினோ அமிலங்கள் சங்கிலியாக இணைந்த மூலக்கூறு) மருந்துத் தயாரிப்பில் பசுமைக் கரைப்பான்கள் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இத்தயாரிப்பில் வழக்கமாகப் பயன்படும் கரைப்பானான, டிஎம்எஃப் எனப்படும் டைமெத்தில்ஃபார்மமைடு கருவில் வளரும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்பதும், ஐரோப்பிய ஒன்றியம் 2023 டிசம்பர் முதல் அதைக் கையாள்வதில் கட்டுப்பாடு கொண்டுவந்திருப்பதும் அதில் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால், வேறொரு கரைப்பானை அந்த இடத்தில் வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்ற தொனியில் கட்டுரை முடிந்திருப்பதை ஏற்க இயலவில்லை.

1963-இல் வேதியியலாளர் மெரிஃபீல்டு வெளியிட்ட முறையில், பெப்டைடுச் சங்கிலி, கரையாத சிறு பிசின் (பிளாஸ்டிக் போன்ற பாலிமர்) மணிகளைப் பற்றிக்கொண்டே வளர்கிறது. வினையில் எஞ்சியவற்றைக் கழுவி வெளியேற்றிவிடலாம் என்பதே அதன் பெரும் வசதி. செலவும் அங்கேதான் ஏறுகிறது. ஒவ்வோர் அமினோ அமிலத்தை இணைத்த பின்னும், அதன் முனையைத் தற்காலிகமாக மறைக்க இன்று பயன்படும் எஃப்மாக் காப்புத் தொகுதியைப் பைபெரிடின் என்ற காரத்தால் நீக்கிய பின்னும் மணிகளைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டியிருப்பதால், ஒரு கிலோ பெப்டைடு செய்யச் சராசரியாக ஏறத்தாழ 13,000 கிலோ பொருள்கள் தேவைப்படுகின்றன என்று மருந்துத் துறையின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று கணக்கிட்டுள்ளது. இதில் பெரும்பங்கு கரைப்பானே.

மாற்றாகச் சொல்லப்படுபவையும் குறையற்றவை அல்ல. தாவரக் கழிவிலிருந்து பெறக்கூடிய காமா-வேலரோலாக்டோன், பெயரளவில் எவ்வளவு பசுமையானாலும், கிளைசின் போன்ற, பக்கக் கிளையின் இடைஞ்சல் இல்லாத அமினோ அமிலம் சங்கிலியின் முனையில் இருக்கும்போது தன் வளையம் திறந்து அதனுடனேயே இணைந்துகொண்டு மாசுப்பொருளை உண்டாக்குகிறது. மற்றொரு மாற்றான என்-பியூட்டைல்பைரோலிடினோன், வினைப்பொருள்கள் உள்ளே புகும்படி பாலிஸ்டைரீன் பிசின் மணிகளை நன்றாகவே உப்பவைக்கிறது. ஆனால் டிஎம்எஃப்பைவிடப் பல மடங்கு பிசுபிசுப்பானது என்பதால், வடிகட்டியின் வழியே மெதுவாகவே இறங்குகிறது. எத்தில் அசிடேட்டைக் கலந்து அதன் பிசுபிசுப்பைக் குறைக்கும் முயற்சிகள் எனக்கு நம்பிக்கை தருகின்றன.

இதைவிட முக்கியமானது கழுவுவதையே குறைப்பது. பைபெரிடினுக்குப் பதிலாக எளிதில் ஆவியாகும் பைரோலிடினைப் பயன்படுத்தி, நுண்ணலைச் சூட்டிலும் வாயு ஓட்டத்திலும் அதை ஆவியாக்கி வெளியேற்றி, இடைக் கழுவல்களையே கைவிடும் முறையொன்று 2023-இல் வெளியானது. கழிவு 95 சதவீதம் வரை குறைவதாக அதன் ஆய்வாளர்கள் தெரிவித்துள்ளனர். எல்லா வகைப் பெப்டைடுகளுக்கும், தொழிற்சாலை அளவிலும் இது ஈடுகொடுக்குமா என்பதைத் தனித்தனியே சோதித்தாக வேண்டும். இத்துறையைப் பற்றி இனி எழுதுவோர், எந்தக் கரைப்பான் என்பதோடு, ஓர் அமினோ அமிலத்தை இணைக்கும் ஒரு சுற்றுக்கு எத்தனை லிட்டர் என்றும் விசாரித்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் வாசகர் ஒருவர்