வேல்ஸ் பண்பாட்டுச் சுற்றுலா ஏற்பாட்டில் குறைபாடுகள்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்: ஏப்ரல் 11 முதல் 13 வரை லண்டனிலிருந்து வட வேல்ஸ் சென்ற குழுவினர், 18 பேர்
பெறுநர்: மேலாளர், பயண ஏற்பாட்டுப் பிரிவு
நாள்: 22.04.2025

ஐயா / அம்மா,

பயண அட்டையில் 'ஸ்னோடன் உச்சி வரை மலை ரயில்' என்று போட்டிருந்தீர்கள். ஸ்னோடன் வேல்ஸின் மிக உயர்ந்த மலை. 1,085 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சிக்கு வழக்கமாக மே மாதத்துக்கு முன் ரயில் போவதில்லை. பனியும் காற்றும்தான் காரணம். ஏப்ரலில் சுமார் முக்கால் தூரத்தில், க்ளோக்வின் நிலையத்தோடு திரும்பிவிடும். முன்பதிவு செய்யும்போதே இது தெரிந்திருக்கும், எங்களிடம் சொல்லவில்லை. மலை ரயில் புறப்படும் லான்பெரிஸ் ஊரிலுள்ள ஸ்லேட் (பலகைக்கல்) அருங்காட்சியகமோ 2024 நவம்பரிலேயே புதுப்பிப்புக்காக மூடப்பட்டுவிட்டது. அது திறந்திருந்த காலத்திலும் அங்கே நுழைவு இலவசம். அப்படியிருக்க, அதன் பெயரில் எதற்குக் கட்டணம் வாங்கினீர்கள்?

முதல் நாள் நேரக் கணக்கு நடைமுறைக்கே ஒவ்வாதது. லண்டனிலிருந்து கோட்டை நகரமான கான்விக்குக் கோச்சில் (சுற்றுலாப் பேருந்தில்) ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாலரை மணி நேரம் ஓட்டிய ஓட்டுநர் 45 நிமிடம் ஓய்வெடுப்பது சட்டப்படி கட்டாயம். காலை பத்து மணிக்குக் கிளம்பினால் மாலை 5 மணிக்கு மூடும் கான்வி கோட்டையைப் பார்க்க நேரம் போதாது. கடைசி நுழைவு அதற்கு அரை மணி முன்பே முடிந்துவிடும். கட்டணமில்லாத நகர மதில் நடையாவது கிடைத்திருக்கலாம். 1.3 கிலோமீட்டர் மதிலில் 21 கோபுரங்கள். அதுவும் திட்டத்தில் இல்லை.

எங்களை மிகவும் வருத்தியது வழிகாட்டியின் விளக்கம். கார்நார்வன் கோட்டையை 'வெல்ஷ் மன்னர்களின் பெருமை' என்றார். உண்மை நேர்மாறானது. 1282 டிசம்பரில் வெல்ஷ் இளவரசர் லூவெலின் கொல்லப்பட்டார். வேல்ஸைத் தன் பிடியில் வைத்திருக்க, இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு மறு ஆண்டே கட்டத் தொடங்கியவைதான் கான்வி, கார்நார்வன், ஹார்லெக் கோட்டைகள். வெல்ஷ் மன்னர் கட்டியதைக் காட்ட வேண்டுமென்றால் லான்பெரிஸிலேயே டோல்பாடர்ன் கோட்டை இருக்கிறது. அந்த லூவெலினின் பாட்டனார் எழுப்பிய வட்டக் கோபுரம் அது. மலை ரயில் நிலையத்திலிருந்து சிறிது தூர நடைதான், நுழைவும் இலவசம். நம் கோச் அதைத் தாண்டியே போனது, நிற்கவில்லை. பண்பாட்டுச் சுற்றுலா என்று பெயர் வைத்துவிட்டு, வென்றவர் கோட்டையைத் தோற்றவருடையது என்று சொல்வது அந்த மக்களுக்கே இழைக்கும் அநீதி.

'ஆண்கள் பாடகர் குழு மாலை' என்றதற்கு விடுதியில் ஒலிப்பதிவு போட்டீர்கள். ஊர்ப் பாடகர் குழுக்கள் பல, தங்கள் வாராந்தரப் பயிற்சிக்கு வெளியாரையும் அனுமதிக்கின்றன. அது பெரும்பாலும் வார நாள் மாலையில் நடக்கும். வெள்ளி முதல் ஞாயிறு வரை போனால் அமையாது. செவ்வாய் அல்லது வியாழன் சேரும்படி நாள் குறித்து, குழுவிடம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

உச்சி ரயில், அருங்காட்சியகம், கான்வி கோட்டை, பாடகர் மாலை ஆகிய நான்கிற்கும் உரிய தொகையை 18 பேருக்கும் திருப்பித் தாருங்கள். சொன்னபடி சேவை தராவிட்டால் விலையைக் குறைக்க வேண்டும் என்று பிரிட்டனின் 2018 பேக்கேஜ் பயண விதிகள் சொல்கின்றன. கணக்கு விவரத்துடன் 14 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். அடுத்த குழு கிளம்புமுன் வழிகாட்டியின் விளக்கக் குறிப்பையும் திருத்துங்கள்.

இணைப்பு: பயண அட்டை, ரசீதுகள், ரயில் பயணச்சீட்டு நகல்.

இப்படிக்கு,
பயணக் குழுவினர்