பொருள்: கேசிசி (கிசான் கிரெடிட் கார்டு) பயிர்க் கடனுக்கு அலைக்கழித்து, நகைக்கடன் வாங்கச் சொல்லி நெருக்கியது குறித்த புகார்

மண்டல மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. சம்பா சாகுபடிக்காகத் தங்கள் கிளையில் ஜூன் மாதம் கேசிசி கடன் கேட்டு மனு கொடுத்தேன். இரண்டு ஏக்கர், கேட்டது 90,000 ரூபாய். இன்றுவரை கடனும் வரவில்லை, கிடையாது என்று எழுத்தில் ஒரு வரியும் வரவில்லை. கிளை மேலாளர், சேவை எண் என்று எல்லோரிடமும் சொல்லி ஓய்ந்துபோய்த்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் வரையிலான விவசாயக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உங்கள் கிளைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறீர்கள். அந்தச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டுதான் உங்கள் விவசாயப் பிரிவு அலுவலர் ஈடாக நிலத்தின் தாய்ப்பத்திரம் கேட்டார்.

அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கையெழுத்துப் போட மனைவியையும் கூட்டி வரச் சொன்னார். நூறு நாள் வேலைக் கூலியை விட்டுவிட்டு அவளும் வந்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்து வெகுநேரம் காக்க வைத்தார். பிறகு, ஜூனில் அவரே வாங்கி வைத்துக்கொண்ட, பயிர் விவரம் காட்டும் அடங்கலை எடுத்து, "இது போன பசலி, செல்லாது" என்று நீட்டினார். ஜூலையில் பசலி (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) மாறும்வரை மனுவைக் கிடப்பில் போட்டது யார் ஐயா? அதோடு விட்டாரா? "ரெண்டு ஏக்கருக்குக் கேசிசியா? நகை இருக்கும்ல, கொண்டாந்து வைங்க, சாயந்திரமே பணம்" என்று என் மனைவியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அத்தனை பேர் முன்னால். தாலிக்கொடியைக் கேட்கத்தான் விவசாயப் பிரிவு வைத்திருக்கிறீர்களா?

மனு கொடுத்த அன்றே ஒப்புகைச் சீட்டு கேட்டேன், அதையும் தரவில்லை.

நாற்று வயது முற்றிக்கொண்டிருந்தது. வேறு வழியின்றி வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கி நட்டேன். வருடத்துக்கு 36 சதவீதம். கேசிசியில் 7, தவணை தவறாமல் கட்டினால் 4. இந்த வருட வெள்ளாமை முழுக்க வட்டிக்கே போகும். என் குடும்பத்தைப் பத்து வருடம் பின்னால் தள்ளிவிட்டீர்கள்.

தங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. என் அப்பா காலத்திலிருந்தே தங்கள் வங்கியில்தான் கணக்கு. அதனால்தான் முதலில் தங்களிடம் வருகிறேன். மனுவை உடனே பரிசீலித்துக் கடன் கொடுங்கள், இல்லையென்றால் மறுப்பதற்கான காரணத்தை எழுதிக் கொடுங்கள். அந்த அலுவலர் என் மனைவியிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போவேன். அதற்கு முன்பே, மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியர் முன்னிலையில், முன்னோடி வங்கி மேலாளரை வைத்துக்கொண்டே இதைக் கேட்பேன். என்னைப் போல் நகைக்கடனுக்குத் தள்ளப்பட்டவர்கள் எங்கள் ஊரிலேயே நிறையப் பேர், அவர்களும் வருவார்கள்.

போனில் சமாதானம் சொல்ல வேண்டாம். பதில் எழுத்தில் வேண்டும்.

இணைப்பு: மனு நகல், சிட்டா, இரண்டு பசலிக்குமான அடங்கல்.

இப்படிக்கு,
தங்கள் கிளையின் சேமிப்புக் கணக்கு வாடிக்கையாளர்